குடை வேண்டாம்

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.
கெட்சிகனில் குடை பிடித்து நடப்பவர்
கப்பலிலிருந்து இறங்கியவர்.
இங்கே மழை மேலிருந்து மட்டும் பெய்வதில்லை.
பக்கவாட்டில் வரும்.
சில நாள் கடலிலிருந்து எழுந்து
முழங்கால் வழியாக ஏறும்.
ஆண்டுக்குப் பன்னிரண்டு அடிக்கு மேல்.
நான் ஆறடி.
என் தோள்மேல் இன்னொரு என்னை நிறுத்தினாலும்
இரண்டு பேரும் முழுகிப்போவோம்.

என் வேலை கயிறு பிடிப்பது.
பன்னிரண்டு மாடிக் கப்பல் எறியும் கயிற்றை
இரும்புக் கட்டையில் மாட்டுவேன்.
பிறகு நடைபாலம் இறங்கும்,
அதில் காலணிகள் இறங்கும்.
வெள்ளைக் காலணிகள்.
பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன்,
ஒன்றுகூட வெள்ளையாகத் திரும்பவில்லை.

ஜீன்ஸ் வேண்டாம்.
நனைந்துவிட்டால் அது துணியே அல்ல,
அடுத்த துறைமுகம் வரை நீங்கள் சுமக்கும் ஏரி.
உடம்போடு ஒட்டிய கம்பளிச் சட்டை ஒன்று,
அதன்மேல் சூட்டுக்கு ஒன்று,
அதன்மேல் தண்ணீர் புகாத கோட்டு.
வெங்காயம் மாதிரி வாருங்கள்.
வெயில் வந்தால்
(வரும், ஏதாவதொரு செவ்வாய்க்கிழமை, இருபது நிமிஷம்)
உரித்துக்கொள்ளலாம்.

தொலைநோக்கி ஆளுக்கொன்று.
ஒன்றை இரண்டு பேர் பங்கிட்டால்
திமிங்கலம் ஒருவருக்குத்தான் கிடைக்கும்,
சண்டை இருவருக்கும்.

நீச்சலுடையா? எடுத்து வாருங்கள், சிரிக்கமாட்டேன்.
மேல்தளத்து வெந்நீர்த் தொட்டியில்
கழுத்தளவு கிடந்தபடி
பனியாறு உடைந்து விழுவதைப் பார்த்த ஒருவர்
என்னிடம் வந்து சொன்னார், அழுதுவிட்டாராம்.
ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.
எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லியிருப்பார்.
எனக்கும் தெரியாது.
கயிற்றைத் தளர்த்தினேன்.

கையுறை இரண்டு ஜோடி.
இதை மட்டும் யாரும் கேட்டு நடப்பதில்லை.

அக்டோபரில் கடைசிக் கப்பல் போனதும்
தொலைந்த பொருள் அறையை நாங்கள் திறப்போம்.
தேடி வர ஆறு மாதம் யாரும் இல்லை.
இந்த முறை நாற்பத்தொரு குடை.
டெல்ஃபின் அவற்றை அள்ளிக்கொண்டு போய்
விறகடுக்கின்மேல் விரித்து வைத்தாள்.
தெருவிலிருந்து பார்த்தால்
அவள் விறகுக்கு ஏதோ விருந்து நடப்பதுபோல் இருந்தது.
கப்பல் விருந்துக்கென்று யாரோ கொண்டுவந்த
பட்டுக் காலர் வைத்த கறுப்புக் கோட்டு
ஹால்வோருக்குப் பொருந்தியது.
அதைப் போட்டுக்கொண்டுதான்
குளிர்காலம் முழுக்க வலை பொத்தினான்.
மீன் நாற்றம் இப்போது அந்தப் பட்டுக்குச் சொந்தம்.

கையுறைகள் ஒரு கூடை.
எல்லாமே வலது.
படம் எடுக்கக் கழற்றுவது அதைத்தானே,
கழுகு பறந்துவிடுகிறது, கையுறை பலகையில் கிடக்கிறது.
இடதுகைகள் மட்டும் ஊர் ஊராகத் திரும்பிப் போய்
எங்கெங்கோ அலமாரியில் இருக்கும்.

மீன் ஆலையில் சால்மன் தலை வெட்டும் பெனில்டா
ஒரு சிவப்பும் ஒரு சாம்பலுமாகப் பொறுக்கினாள்.
இரண்டும் வலது.
சாம்பலை உள்வெளியாகத் திருப்பி
இடதுகையில் மாட்டினாள்.
தையல் தெரிந்தது, பூனை வயிறு மாதிரி உள்மயிர் தெரிந்தது.
மார்ச் வரை கழற்றவேயில்லை.

மே மாதம், முதல் கப்பல்.
பேருந்து நிறுத்தத்தில்
வெள்ளைக் காலணி போட்ட ஒரு பெண்,
பற்கள் தந்தியடிக்க,
பெனில்டாவின் இடதுகையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்து,
"அடடா, இந்த ஊர் வேலைப்பாடா?
எங்கே கிடைக்கும்?" என்றாள்.

பெனில்டா கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு சிவப்புக் கையை நீட்டி
கப்பலைக் காட்டினாள்.
அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.
மழை பக்கவாட்டில் வர ஆரம்பித்திருந்தது.